ஒளித்து வைத்த சுவிசேஷங்களா?

கிறிஸ்மஸ் நெருங்கினால் போதும், கோயம்புத்தூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் அதே வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். ரோமை ஆண்ட கான்ஸ்டன்டைன் ராஜா 325இல், இன்றைய துருக்கியில் இருக்கும் நிசேயாவில் பிஷப்புகளைக் கூட்டி, தனக்குப் பிடிக்காத சுவிசேஷங்களை எல்லாம் தூக்கிவிட்டாராம். சூலூரில் வாலிபர் கூட்டம் முடிந்து நிற்கையில் ஒரு தம்பியும் கேட்டான்: "ஏனுங்கண்ணா, நெசமாலுமே ஒளிச்சு வெச்சுட்டாங்களா?"

இல்லை. நிசேயாவில் நடந்தது, இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுவின் போதனை பற்றிய வழக்கு. அதன் தீர்மானங்களில் வேதாகம நூல்களின் பட்டியலே கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றைக்கு இருக்கிறபடியே முதலில் வருவது 367இல், அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில்தான்.

அதற்கு வெகுகாலம் முன்பே சபைகள் சலித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டன. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோகியா பிஷப்பாக இருந்த செராப்பியோனைப் பாருங்கள். ரோசுஸ் ஊர்ச் சபையார் 'பேதுரு சுவிசேஷம்' வாசிக்க அனுமதி கேட்டார்கள். சரி, வாசியுங்கள் என்றுவிட்டார். அப்புறம் பிரதியை வாங்கித் தானே படித்தார். பெரும்பகுதி நல்ல போதனைதான். ஆனால் இயேசு மெய்யான சரீரத்தோடு பாடுபடவில்லை என்று சொல்லும் கூட்டத்தாரின் சரக்கும் நடுவில் கலந்திருந்தது. பேதுருவை ஏற்கிறோம், அவர் பேரில் பொய்யாய் எழுதியதை ஏற்கமாட்டோம் என்று எழுதி அனுப்பினார். படித்துப் பார்த்து, காரணம் சொல்லி ஒதுக்கியதை மறைத்தார்கள் என்பது எந்த நியாயம்?

விரும்பிப் படித்த நூலும் வெளியே நின்றிருக்கிறது. 'எர்மாவின் மேய்ப்பன்' நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்து பைபிளான சினாய் பிரதியிலேயே இருக்கிறது. ஆனாலும் புதிய ஏற்பாட்டு நூல்களின் பழைய பட்டியலான முராத்தோரி பட்டியல், அது நம் காலத்தில் எழுதியது, படிக்கலாம், சபையில் வாசிக்க வேண்டாம் என்கிறது.

எல்லை எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஏனோக்கின் நூலைப் புதிய ஏற்பாட்டின் யூதா நிருபமே எடுத்துச் சொல்கிறது. எத்தியோப்பிய சபை அதை இன்றும் வேதமாக வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, கருமத்தம்பட்டியில் பூசைக்குப் போகும் என் கத்தோலிக்கப் பெரியம்மா வீட்டு பைபிளில் தோபித்தும் மக்கபேயரும் உண்டு, 73 நூல்கள். புராட்டஸ்டண்ட் சபையான எங்கள் சி.எஸ்.ஐ. வீட்டில் 66தான். ஒரு ராஜா ஒரே நாளில் முடித்த வேலையாக இருந்தால் இந்த வித்தியாசம் எப்படி வரும்?

பெண்களை உயர்த்திய சுவிசேஷங்களை ஆண்கள் மறைத்துவிட்டார்கள் என்றும் பகிர்கிறார்கள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் முழுதாகக் கிடைத்த தோமா சுவிசேஷத்தை எடுத்துப் படியுங்கள். 114 வாக்குகள்; சிலுவைப் பாடும் இல்லை, உயிர்த்தெழுந்த வரலாறும் இல்லை. கடைசி வாக்கில், மரியாள் நம்மை விட்டுப் போகட்டும், பெண்கள் ஜீவனுக்குப் பாத்திரர் அல்ல என்கிறார் பேதுரு. அவளை ஆணாக்குவேன் என்று இயேசு பதில் சொல்வதாக எழுதியிருக்கிறது. லூக்காவில் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாளை யாரும் ஆணாக மாறச் சொல்லவில்லை.