பழைய செல்லின் நினைவு

செல் மறுநிரலாக்கம் குறித்து எழுதுவோர் பலரும், நான்கு மரபணுக்களைச் செலுத்தியதும் முதிர்ந்த செல் கருநிலைக்குத் திரும்பிவிடுவதாக எழுதுகிறார்கள். 2006-இல் ஷின்யா யமனாகாவும் கசுத்தோஷி தகாஹாஷியும் எலியின் இணைப்புத்திசு செல்களில் ஆக்ட்4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்4, சி-மிக் ஆகியவற்றைக் கொண்டு அதைச் சாதித்தது உண்மைதான். ஆனால் அந்த முயற்சியில் நூற்றில் ஒரு செல்கூட முழுமையாக மாறவில்லை என்பதை ஏனோ நாம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை, கதையே அங்கேதான் இருக்கிறது.

தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. வரிசை ஏறத்தாழ ஒன்றே. எந்தப் பகுதி படிக்கப்பட வேண்டும், எது பூட்டியே கிடக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ.வின்மீது ஒட்டியுள்ள மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதிகளான குறிகளும், அது சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதுள்ள வேதிக்குறிகளும் தீர்மானிக்கின்றன. குறிப்பாக, மூன்றாம் ஹிஸ்டோனில் ஒன்பதாம் இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் சேர்ந்த பகுதிகள் மிக இறுக்கமாகச் சுருண்டிருப்பதால், செலுத்திய மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களான காரணிகள் அங்கே எளிதில் நுழைய முடிவதில்லை. கருநிலையைக் காக்கும், செல்லின் சொந்த ஆக்ட்4, நானாக் மரபணுக்கள் விழித்துக்கொள்ள, அவற்றின் தொடக்கப்பகுதியிலுள்ள மெத்தில் குறிகள் நீங்கியாக வேண்டும். வைட்டமின் சி சேர்த்தால் மாற்றத்தின் வீதம் கூடுவதற்கு, இக்குறிகளை நீக்கும் நொதிகளுக்கு அது துணைபுரிவது ஒரு காரணம். (ஒரு சாதாரண வைட்டமினுக்கு இங்கே இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.)

மாறிய செல்களிலும் பழைய குறிகள் சில எஞ்சுகின்றன. எலியின் இரத்த செல்லிலிருந்து இப்படி உருவாக்கிய குருத்தணுக்கள் (பல வகை செல்களாகவும் மாறவல்லவை), தோலிலிருந்து உருவாக்கியவற்றைவிட எளிதாக இரத்த செல்களாவதை 2010-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பலமுறை வளர்த்துப் பெருக்கினால் இந்நினைவு மங்கும். இதைக் குறை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இரத்த செல்லே வேண்டுமென்பவருக்கு அந்த மிச்சம் வசதிதான்.

இதே மறுநிரலாக்கத்தால் முதுமையைப் பின்னோக்கித் திருப்புவதாகச் சொல்லும் விளம்பரங்களிடம்தான் எனக்கு எரிச்சல். விரைவாக முதுமையடையும் எலிகளில், 2016-இல் வெளியான ஆய்வொன்று இக்காரணிகளை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இயக்கி, ஐந்து நாள் நிறுத்திவைத்தது. எலிகளின் ஆயுள் கூடியது. இடைவிடாமல் இயக்கினால் செல்கள் தம் அடையாளத்தையே இழந்து கட்டிகளாகின்றன. முதுமையின் குறிகள் மட்டும் அழிந்து அடையாளத்தின் குறிகள் தப்பும் அந்த எல்லை எங்கே என்பதைச் சொல்லாத எந்த அறிவிப்பையும் நான் நம்புவதாக இல்லை.