கன் விளிச்சார்

பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று இரவு எங்கள் குடும்பக் குழுவில் யாருமே தூங்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டரை மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அவர் போனில் தமிழ் எழுதப் பழகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "ஆப்பரேசன் முடிஞ்சிது. இப்பதான் கன் விளிச்சார். என்ன பாத்து சிறிச்சார்" என்று எழுதியிருந்தார்.

நான் அழுதுவிட்டேன். பதில் எழுத விரல் வராமல் உட்கார்ந்திருந்தபோது, எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஒரு பதில் வந்து விழுந்தது. எனக்கு அண்ணன் முறை ஆகிறவர். "கன் இல்லை, கண். விளிச்சார் இல்லை, விழிச்சார். விளித்தல் என்றால் கூப்பிடுதல். சிரிச்சாருக்குச் சின்ன ர."

அவ்வளவுதான். பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா பெரியம்மா என்று இல்லை. பதினாறு மணி நேரம் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷி, நடுங்குகிற கையோடு, எங்களுக்காகத் தட்டிய மூன்று வரியில் இந்த மனிதர் கண்டது மூன்று எழுத்து மட்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுத்தைப் பற்றி அக்கறை இல்லாதவள் பேசுகிறாள் என்று யாரும் என்னைத் தள்ளிவிட முடியாது. பதினோரு ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. 'சுவற்றில்' என்று கண்டால் கை தானாகச் 'சுவரில்' என்று மாற்றும். 'பதட்ட'த்தைப் பதற்றமாக்கி, 'எண்ணை'யை எண்ணெயாக்கி எத்தனையோ ஆயிரம் பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன். ஆனால் நான் திருத்துவது, திருத்தித் தாருங்கள் என்று கேட்டு என்னிடம் கொடுத்த தாளை. அதுவும் அச்சுக்குப் போவதற்கு முன்னால், தாளின் ஓரத்தில், எழுதியவரும் நானும் மட்டும் பார்க்கும்படி. கேட்காதவரிடம், ஊர் பார்க்க, பேச்சுக்கு நடுவில் புகுந்து செய்வதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைத் திருத்தம் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

இந்த வாழ்த்து விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்கிறார். நாற்பது பேர் வாழ்த்துகிறார்கள். நாற்பத்தோராவது ஆள் வந்து, "வாழ்த்துக்கள் தவறு, வாழ்த்துகள்தான் சரி" என்று பாடம் நடத்துகிறார். ஆணா பெண்ணா, தாய் நலமா, எதுவும் அவருக்கு வேண்டாம். சரி, அந்தப் பாடமாவது முழுசாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வாழ்த்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம்தான், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகிய உகரத்தில் முடிகிற சொல், அதற்குப் பின் தனிச்சொல் வந்தால் ஒற்று மிகும், ஆனால் 'கள்' தனிச்சொல் இல்லை, விகுதி, ஆகவே ஒற்று மிகாது என்பது ஒரு கட்சி. நானும் அச்சில் வாழ்த்துகள் என்றுதான் போடுவேன். ஆனால் 'க்' போட்டு எழுதுவதற்கும் நெடுநாள் வழக்கு இருக்கிறது, அதை ஏற்கிற தமிழறிந்தவர்களும் இருக்கிறார்கள். பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்று சரியாக எழுதிப் பழகிய கை வாழ்த்துக்கும் ஒரு 'க்' போடத்தான் செய்யும். படித்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிற ஒன்றை, எங்கோ பார்த்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்த வீட்டு வாசலில் நின்று கத்துவதற்கு எப்படி மனசு வருகிறது?

அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒரு பெண் எழுதினார்: "மூனு நாளா தண்ணி வறல. சொன்னா யாரும் கண்டுக்க மாட்டேங்கிறீங்க." அதற்குப் பொறுப்பில் இருந்தவர் தந்த பதில், "முதலில் தமிழை ஒழுங்காக எழுதப் பழகுங்கள். வறல அல்ல, வரல. எழுத்துபிழை தவிர்க்கவும்." எழுத்துப்பிழை என்ற சொல்லில் வருகிற 'ப்' அவருக்கே தெரியவில்லை, அது கிடக்கட்டும். இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் வராத கேள்வி அங்கேயே செத்துவிட்டது. அந்தப் பெண் அதன் பிறகு அந்தக் குழுவில் எதையுமே எழுதவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறவர்களுக்குப் பிறர் எழுத்துப்பிழை எவ்வளவு வசதியான கதவு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வாதத்தில் தோற்கிறவர்களும் அதே கதவு வழியாகத்தான் ஓடுகிறார்கள். சொன்ன விஷயத்துக்குப் பதில் இல்லை என்றால் உடனே லகர ளகரம் எண்ண ஆரம்பிக்கிறார்கள்.

இந்தப் பிழைகள் ஏன் வருகின்றன என்று இவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருக்கிறார்களா? ன, ந இரண்டுக்கும் இன்றைய பேச்சில் வேறுபாடே இல்லை. ர, ற பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ழ பல வட்டாரங்களில் ள ஆகி ரொம்ப நாளாயிற்று. ஆக, காது இங்கே உதவாது. ஒரு சொல்லுக்கு எந்த எழுத்து என்பது கண்ணால் பார்த்துப் பார்த்து மனதில் பதிய வேண்டிய விஷயம். அதற்கு நிறையப் படிக்க வேண்டும், படிக்க நேரம் வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம்பி தங்கைகளை வளர்த்து, பிறகு பிள்ளைகளை வளர்த்த என் பெரியம்மாவுக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? அவர் படித்தது 1978க்கு முன்னால். தமிழக அரசு அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய வடிவங்களைத்தான் அவர் பலகையில் எழுதிப் பழகினார். லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்துகளாக இருந்த காலம். கையால் எழுதினால் இன்றும் அவருக்கு அப்படித்தான் வரும். இந்த வயதில் புது வடிவத்தையும் பழகி, போனிலும் எழுதப் பழகியிருக்கிறார். அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டாமா?

அந்தப் போனும் லேசுப்பட்டதில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைக் கொண்டுவருகிற பல விசைப்பலகைகளில் சின்ன 'எல்' அடித்தால் ல, பெரிய 'எல்' அடித்தால் ள. ண வேண்டுமென்றால் பெரிய 'என்', ற வேண்டுமென்றால் பெரிய 'ஆர்'. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு விசையை அழுத்த வேண்டும். அவசரத்தில், பஸ்ஸில் நின்றுகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் அந்த இன்னொரு விசையைத் தவறவிடுவார்தான். இல்லையென்றால் நாம் நினைக்காத ஒரு சொல்லைப் போனே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். எழுதியவருக்குச் சரியான எழுத்து தெரிந்தே இருக்கும். ஆனால் அதற்குள் அவரை அறிவில்லாதவராக்கி முடித்திருப்பார்கள்.

அப்புறம், பேச்சு வழக்கில் எழுதுவதையே பிழை என்பவர்கள். ஒருவர் "வந்துட்டேன், கீழ நிக்கிறேன்" என்று அனுப்பினால் "வந்துவிட்டேன், நிற்கிறேன்" என்று திருத்துகிறார்கள். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று இரண்டையும் கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிற மொழி இது. குழுவில் நாம் பேசுகிறோம். விரலால் பேசுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. வாசலில் நின்று கூப்பிடுகிற ஆளிடம் யாராவது இலக்கணம் சொல்வார்களா?

இலக்கணம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தேகம். கேள்வியும் பதிலும் வழுவாமல் காக்க வேண்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்கிறது. அதற்குப் பழைய உரையில் ஓர் உதாரணம் வரும். கடம்பூருக்கு வழி எது என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர், இடம்பூணி என் பசுவின் கன்று என்கிறார். கேட்டது வழி, கிடைத்தது கன்றுக்குட்டிக் கதை. இது செப்பு வழு. அதாவது, பதில் சொன்னதில் உள்ள குற்றம். தண்ணீர் வரவில்லை என்றவருக்கு ரகர றகரம் சொன்ன மனிதர் செய்தது இதே குற்றம்தான். கண் விழித்த சேதிக்கு மூன்று சுழி சொன்ன என் அண்ணன் செய்ததும் இதுதான். அங்கே இலக்கணத்தை உடைத்தது யார்?

நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முந்தைய நூல். மகிழ்ச்சியிலும் கோபத்திலும், உயர்த்திச் சொல்லும்போதும் இழித்துச் சொல்லும்போதும் திணையும் பாலும் மாறினால் அதைக் குற்றமாகக் கொள்ளாதே என்கிறது. பசு வருவதைப் பார்த்து ஆசையோடு "என் அம்மை வந்தாள்" என்கிறோம். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது வழுதான். ஆனால் உவப்பில் சொன்னதால் ஏற்றுக்கொள்ளப்படும். அதற்கு வழுவமைதி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அது எழுத்துப்பிழைக்குச் சொன்ன விதி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும், பேசுகிறவர் எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பார்த்த பிறகு சொல்லை எடைபோட்ட மரபு இது. இந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கணவன் பிழைத்த மகிழ்ச்சியில் எழுதிய ஒருத்தியை மட்டம் தட்டுகிறார்கள்.

ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கிடையாது. உ.வே.சாமிநாதையர் அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டுதான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒவ்வொரு எழுத்தின் முன்னாலும் உட்கார்ந்து, எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று தேடினார். இவர்களுக்கோ என் பெரியம்மா என்ன சொல்ல வந்தார் என்று நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தானே கன் என்பதைக் கண் என்று மாற்ற முடிந்தது. புரிந்த பிறகும் அதற்குப் பதில் சொல்லாமல் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாடப்புத்தகத்தில் பிழை இருந்தால் சொல்லுங்கள். பெயர்ப்பலகையில், செய்தித்தாளில், மருந்துச் சீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன். என் அக்கா மகள் தமிழ் எழுத்துக்கூட்டப் பழகுகிறாள். "சித்தி, இது சரியா?" என்று அவளே கேட்கும்போது திருத்துகிறேன். ஆனால் அவள் தாத்தாவுக்கு "எப்ப விட்டுக்கு வருவிங்க" என்று எழுதினால், எப்போது வருகிறேன் என்பதுதான் தாத்தா எழுத வேண்டிய பதில். தாத்தாவும் அப்படித்தான் எழுதினார். வீட்டுக்கு என்ற சொல்லை அவர் பதிலில் சரியாக எழுதியிருந்தார். அடுத்த முறை அவளும் சரியாக எழுதினாள்.

போன வாரம் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பெரியப்பா நன்றாக நடக்கிறாராம். பேசிக்கொண்டே இருந்தபோது, "முன்ன மாதிரி குழுவுல எழுதுறதே இல்லையே பெரியம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "எழுத்து தப்பா வந்துடுதும்மா. நீ இப்படி போன்லயே கேட்டுக்க" என்றார்.