எந்தத் தேசியம்?

எங்கள் தாத்தா தன்னைத் 'தேசியவாதி' என்றுதான் சொல்லிக்கொள்வார். கதர் வேட்டி, திண்ணைச் சுவரில் காமராஜர் படம். எங்கள் ஊரில் அன்று தேசியவாதி என்றால் காங்கிரஸ்காரர், அவ்வளவுதான்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் அதே சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொண்டான். அவன் சொன்னது தமிழ்த் தேசியம். உடனே மாமா, "நான்தான் தேசியவாதி, நீ தேசவிரோதி" என்று எழுதிவிட்டார். இரவு முழுக்கச் சண்டை. எந்தத் தேசத்தைச் சொல்கிறீர்கள் என்று இருவரும் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தச் சொல் தமிழில் ஒரே பொருளோடு இருந்ததில்லை. 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறிய ஈ.வெ.கி. சம்பத் தொடங்கியது தமிழ்த் தேசியக் கட்சி. 1964இல் அது காங்கிரசோடு இணைந்தது! ம.பொ.சி. இந்திய விடுதலைக்காகச் சிறை சென்றவர். தமிழரசுக் கழகம் கண்டு, சென்னை தமிழருக்கே என்று போராடியவரும் அவர்தான். ஒன்றுக்காக மற்றதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இலங்கையைப் பாருங்கள். 1946இல் தொடங்கியது ஐக்கிய தேசியக் கட்சி, 2001இல் உருவானது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. முன்னதில் 'தேசிய' என்பது முழுத் தீவு. பின்னதில் அது தமிழர் என்ற தேசிய இனம். 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு முன்வைத்த முதல் கோரிக்கையே தங்களைத் தனித் தேசிய இனமாக ஏற்க வேண்டும் என்பதுதான். சிறுபான்மை என்று ஏற்றால் பாதுகாப்பு தருவதோடு பேச்சு முடிந்துவிடும். தேசிய இனம் என்று ஏற்றால் தன்னாட்சி பற்றிப் பேசியாக வேண்டும். ஒரு சொல்லுக்காக அவர்கள் அவ்வளவு பிடிவாதமாக நின்றது அதனால்தான்.

நாட்டுப்பற்று வேறு. அது பிறந்த மண்மீது வருகிற பாசம், யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. தேசியம் அரசியல் கோரிக்கை: மக்கள் என்றால் யார், அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது. அரசியல் கோரிக்கையை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. மறுத்தவருக்கு நாட்டின்மேல் அன்பே இல்லை என்று முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் மாற்றுக் கருத்துக்காரரைத் துரோகி என்பதும் இதே தப்புதான்.

மாமாவிடமும் தம்பியிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்தச் சொல்லை எழுதும்போது எந்தத் தேசம், அதில் யார் யார் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், நானும் வருகிறேன்.