பெயரோடு ஒரு வரியும் சேர்த்து வாசியுங்கள்

போன ஞாயிறு எங்கள் சபையில் நினைவு ஆராதனை. கடந்த ஓராண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். மொத்தம் 19 பேர். வாசித்தவர் தாளைப் பிரித்தார், ஒரே மூச்சில் வாசித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நடுவில் வந்த ஒரு பாட்டியின் பெயரில் பாதி விட்டுப்போயிற்று. எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து அறிவிப்புகள், காணிக்கை, ஜெபம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

வாசித்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் கொடுத்த தாளில் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அந்தத் தாளை அப்படித் தயாரித்துக் கொடுத்த நம் எல்லாருடைய பழக்கத்தின் மீதுதான் வருத்தம்.

அந்தப் பாட்டி யார் தெரியுமா? சபையில் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. மேடை ஏறி ஒரு சாட்சிகூடச் சொன்னதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்கு வந்து, கிழிந்த பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்காருவார். மெல்லிய வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருப்பார். பசையை ஆள்காட்டி விரலால் தொட்டு, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் எழுத்து கோணாமல் ஒட்டவைத்து, அதன் முதுகில் அந்தத் தாள்துண்டை வைத்து நீவி விடுவார். அப்புறம் புத்தகத்தை மூடி, அதன் மேல் இன்னும் நாலு புத்தகங்களை அடுக்கிப் பாரம் வைப்பார். சின்னப் பிள்ளையாக நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "மெதுவாத் திருப்பும்மா, அடுத்த வாரமும் இது வேணும்" என்பார். இத்தனை வருடமாக நாங்கள் பாடியதில் பாதி, அவர் ஒட்டிக் கொடுத்த பக்கங்களைப் பார்த்துத்தான்.

இதில் ஒரு வார்த்தையாவது அன்றைக்கு ஆலயத்தில் சொல்லியிருக்க வேண்டாமா?

வேதத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யோப்பாவில் தொற்காள் இறந்துபோகிறார். பேதுரு வந்து மேல்வீட்டுக்கு ஏறுகிறார். அங்கே இருந்த விதவைகள் தொற்காளைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டி அழுகிறார்கள். நினைவுகூருதல் என்றால் எனக்கு முதலில் வருவது அந்த அறைதான். துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதைத் தைத்தது அவள்" என்று சொல்வது.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிப் போகும் பகுதி. பவுல் அங்கே வெறும் பெயர்களை அடுக்கவில்லை. பல பெயர்களோடு ஒரு சொல்லோ ஒரு வரியோ சேர்க்கிறார். பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவர். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே நீட்டியவர்கள். ரூபுவின் தாயைச் சொல்லும்போது, அவள் எனக்கும் தாய் என்கிறார். அந்த அம்மாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் பவுலுக்கு ஒருகாலத்தில் தாயாக இருந்தாள் என்பது இரண்டாயிரம் வருடம் கழித்தும் தெரிகிறது. ஒரே ஒரு வரி செய்த வேலை இது. அவர்கள் உயிரோடு இருந்தபோதே பவுல் இதை எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாமோ அடக்க ஆராதனை வரைக்கும் காத்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "மரித்தவர்களை எதற்கு இழுக்கிறீர்கள்? இது நம் உபதேசத்துக்கு ஒத்து வருமா?" கேட்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. கத்தோலிக்க சபை நவம்பர் 2-ஆம் தேதி சகல ஆத்துமாக்களின் திருநாளை ஆசரிக்கிறது. 998-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் உள்ள குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தன் மடங்களுக்கு ஏற்படுத்திய நாள் அது, பிறகு மேற்குலகத் திருச்சபை முழுவதும் பரவியது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மரித்தோருக்கென்றே தனிச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்தபோது, மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பது பெரிய சண்டையாயிற்று. இங்கிலாந்து திருச்சபையின் ஆராதனை ஒழுங்குகள் அடங்கிய ஜெபப் புத்தகத்தில் 1549-இல் இருந்த அந்த ஜெபங்கள் 1552-இல் எடுக்கப்பட்டன. ஆனால் 1662 பதிப்பில் வேறொன்று உள்ளே வந்தது: விசுவாசத்தோடு மரித்தவர்களுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லி, அவர்களுடைய நல்ல மாதிரியைப் பின்பற்றக் கிருபை கேட்பது. லுத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. பரிசுத்தவான்களிடம் வேண்டிக்கொள்ள வேண்டாம், ஆனால் நம் விசுவாசம் பலப்பட அவர்களை நினைவுகூருங்கள். ஆக, நன்றி சொல்வதற்கு எந்த உபதேசமும் தடை இல்லை. தடையாக இருப்பது நம் அவசரம் மட்டும்தான்.

பழைய சபைகளுக்கு இந்த அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த சிமிர்னா சபையின் பேராயர் பொலிகார்ப் கொல்லப்பட்டார். அந்தச் சபை எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவருடைய எலும்புகளைச் சேகரித்து வைத்ததாகவும், அவர் இரத்தசாட்சியாக மரித்த நாளை அவருடைய பிறந்தநாளாக எண்ணி ஒவ்வொரு வருடமும் மகிழ்ச்சியோடு கூடப்போவதாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் திருவிருந்தின்போது பெயர்களை வாசிக்கும் பழக்கம் வந்தது. இரண்டு பலகைகளைக் கீல் வைத்து மடித்து, உயிரோடிருப்பவர்களின் பெயர்களையும் மரித்தவர்களின் பெயர்களையும் எழுதி வைத்து வாசித்தார்கள். ஒருவருடைய பெயரை அந்தப் பலகையிலிருந்து அழிப்பது என்றால் சபையின் ஐக்கியத்திலிருந்தே விலக்குவது என்று பொருள். பெயருக்கு அவ்வளவு கனம் இருந்தது.

பழைய திருச்சபையின் பேராசான் அகுஸ்தீனின் தாய் மோனிக்கா 387-இல், பயண வழியில், ரோமுக்கு அருகே ஒஸ்தியாவில் இறந்தார். தன் உடலை எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம், கர்த்தருடைய பலிபீடத்தண்டையில் தன்னை நினைத்தால் போதும் என்றார். பல வருடம் கழித்து அகுஸ்தீன் தன் வாழ்க்கையை எழுதும்போது அம்மாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆனால் அந்த நூல் முழுவதிலும் அம்மாவின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. இதை வாசிக்கிறவர்கள் என் பெற்றோரைப் பலிபீடத்தண்டையில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் இடம் அது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும்.

நான் மிகவும் ஏங்கிப் பார்ப்பது மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் அவர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். சபையில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைப்பார். இறந்தபின், கடைசி நாட்களை மற்றவர்கள் எழுதி முடித்து, அடக்கத்தின்போது சபை நடுவே வாசிப்பார்கள். பிரபுக்கள் மட்டும் எழுதவில்லை, கைவினைஞர்களும் வேலைக்காரப் பெண்களும் எழுதினார்கள். அப்படி எழுதியவை ஆயிரக்கணக்கில் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கும், பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி. 1732 உயிர்த்தெழுதல் பண்டிகை அதிகாலையில் அங்கே சில வாலிபர்கள் போய் நின்று பாடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் அவர்களுடைய அதிகாலை ஆராதனை அங்கிருந்துதான் தொடங்கியது.

நம் ஆண்டுவிழா மலர்களை இதோடு வைத்துப் பாருங்கள். போதகர்கள், செயலர்கள், பொருளாளர்கள், கட்டட நிதிக்குக் கொடுத்தவர்கள் என்று படங்கள் வரிசையாக இருக்கும். அவர்கள் நினைக்கப்பட வேண்டியவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆலயத்தைப் பெருக்கியவர் எங்கே? எல்லார் வீட்டுத் துக்கத்துக்கும் முதல் ஆளாகப் போய் நின்றவர் எங்கே?

இன்னும் சிலர் எந்தத் தாளிலும் ஏறுவதே இல்லை. நான் சொல்லியே ஆகவேண்டியது இதுதான். 1662 ஜெபப் புத்தகத்தின் அடக்க ஒழுங்கு, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஒழுங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று முதல் குறிப்பிலேயே சொல்கிறது. காலம் மாறி எத்தனையோ சபைகள் மனம் இளகிவிட்டன. ஆனாலும் நினைவு ஆராதனையில் பாருங்கள், பிறந்து ஒரு நாள் மட்டும் இருந்த குழந்தையின் பெயர் வாசிக்கப்படுகிறதா? தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட வாலிபனின் பெயர்? கடைசிக் காலத்தில் கோபித்துக்கொண்டு சபைக்கு வராமல் இருந்த பெரியவரின் பெயர்? அந்தக் குடும்பங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வருமா வராதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசியுங்கள், தயவுசெய்து வாசியுங்கள். தீர்ப்பு நம் வேலை இல்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒருவர் மரித்த ஒரு மாதத்துக்குள் சபையிலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவரைப் பற்றி ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "அன்பானவர், ஜெபவீராங்கனை" என்று எல்லாருக்கும் எழுதும் வரி வேண்டாம். அவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு வரி. நினைவு ஆராதனையில் பெயர், அந்த வரி, ஒரு கணம் மௌனம். 19 பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். பிரசங்கத்தில் பத்து நிமிடம் குறையட்டும்.

நான் தொடங்கிவிட்டேன். வியாழக்கிழமை அந்தப் பாட்டியின் மகளைப் போய்ப் பார்த்தேன். பெயர் விட்டுப்போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா ஒட்டுறதுக்கு முன்னாடி பாட்டைப் பாடிப் பார்ப்பாங்க. மூலை கிழிஞ்சு சொல் போயிருந்தா பென்சில்ல எழுதி வைப்பாங்க" என்றார்.

நேற்று ஆலயத்துக்குப் போய், நான் எப்போதும் எடுக்கும் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கீழ் மூலையில் ஒட்டிய தாள், பழுப்பேறியிருந்தது. அதன் மேல் மூன்று சொற்கள் பென்சிலில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து. எத்தனையோ வருடமாக அந்த மூன்று சொற்களைப் பார்த்துப் பாடியிருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்டதே இல்லை.

நோட்டில் எழுதிவிட்டேன். முழுப் பெயரோடு.