"எங்க பாத்த?"ன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்க

ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், ஆய்வு பண்ற புள்ளைங்களாவது முழுசா படிச்சுடுங்க.

போன வாரம் எங்கிட்ட பிஎச்டி பண்ற தம்பி ஒருத்தர் ஒரு இயல் எழுதிக் கொண்டாந்தார். நல்ல உழைப்பாளி, அப்பா கடைமடையில விவசாயம், வீட்டுல முதல் பட்டதாரி. அதுல ஒரு வரி, "உடையாளூரில் ராஜராஜ சோழனின் பள்ளிப்படை உள்ளது"ன்னு. உடையாளூர் கும்பகோணம் பக்கத்து ஊரு, பள்ளிப்படைங்கறது இறந்துபோன ராஜா, ராணிய அடக்கம் பண்ண எடத்துல எழுப்பற கோயில். கீழ மூணு அடிக்குறிப்பு. எங்கப்பா பாத்தேன்னு கேட்டேன். "ஜர்னல்லயே வந்துருக்கு மேடம், ஐஎஸ்எஸ்என் நம்பர்லாம் இருக்கு"ன்னார். சரின்னு ரெண்டு பேரும் அந்த மூணையும் எடுத்து வச்சு ஒண்ணொண்ணா பின்னாடியே போனோம். முதல் கட்டுரை ரெண்டாவது கட்டுரையக் காட்டுது, ரெண்டாவது ஒரு பேப்பர் செய்தியக் காட்டுது, அந்த செய்தி "ஆய்வாளர்கள் கூறுகின்றனர்"னு முடிஞ்சிருது. எந்த ஆய்வாளர், எந்தக் கல்வெட்டு, ஒண்ணும் கெடையாது. மூணு ஆதாரம்னு நெனச்சது கடைசில ஒண்ணே ஒண்ணு, அதுவும் பேர் இல்லாத ஆளு சொன்னது.

நம்ம ஊர்ல வயக்காட்டுக்கு வர்ற தண்ணி கலங்கலா இருந்தா வாய்க்காலப் புடிச்சு மேல ஏறிப் போயி எந்த மதகுலேர்ந்து வருதுன்னு பாப்போம்ல, அதேதான் இதுவும்.

உடையாளூர்ல கல்வெட்டே இல்லன்னு நான் சொல்லல. பால்குளத்தம்மன் கோயில் தூண்ல இருக்கு. ஆனா அது முதலாம் குலோத்துங்கன் காலத்துது, ராஜராஜன் இறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு வெட்டினது. சிவபாதசேகரதேவர் திருமாளிகையோட முன்மண்டபம் பழுதாயிருந்துச்சு, அத எடுத்துக் கட்டினாங்கன்னு அதுல வருது. சிவபாதசேகரன்ங்கறது ராஜராஜன் பட்டப்பேர்தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சொல்லு "திருமாளிகை", பள்ளிப்படை இல்ல. கொஞ்சம் தள்ளி பட்டீஸ்வரம் பக்கத்துல பஞ்சவன்மாதேவீச்சரம் இருக்கு, ராஜேந்திரன் தன்னோட சிற்றன்னைக்கு எடுப்பிச்சது, அங்க கல்வெட்டுலயே "பள்ளிப்படை"ன்னு வெளிப்படையா இருக்கு. அந்தச் சொல்ல வெட்டத் தயங்காத காலம் அது. அப்ப உடையாளூர்ல ஏன் மாளிகைன்னு வெட்டினாங்கன்னு ஒரு ஆய்வாளன் கேட்டே ஆகணும். 2019ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு தொல்லியல் துறை போயி ஆராய்ஞ்ச விஷயம் இது, நாம ஒரே வரியில "உள்ளது"ன்னு முடிச்சுட்டுப் போயிட முடியுமா? "திருமாளிகை என்பதைப் பள்ளிப்படை எனக் கருதுவோர் உண்டு"ன்னு எழுதுங்க, அது நேர்மை.

இந்த ஐஎஸ்எஸ்என் விஷயத்தையும் சொல்லிடறேன், நெறைய பேருக்கு இது புரியல. அது வெறும் பதிவு எண். பத்திரிகைய அடையாளம் காட்டத்தான் அது, உள்ள இருக்குற கட்டுரைய யாராவது படிச்சுப் பாத்தாங்களாங்கறதுக்கு அத்தாட்சி இல்ல. பணம் கட்டுனா மூணாம் நாள் போட்டுத் தர்ற ஜர்னலுக்கும் அந்த நம்பர் இருக்கும். நல்ல ஜர்னல் எதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு வச்சிருந்த யூஜிசி-கேர் பட்டியலும் 2025லேர்ந்து இல்ல, இனிமே எது நல்ல ஜர்னல்னு நாமதான் பாத்துக்கணும்.

பெரிய கோயிலயே எடுத்துக்குங்க. விமான நிழல் தரையில விழாதுன்னு இன்னும் பாடப்புத்தகம் மாதிரி சொல்றாங்க, எம்ஏ ப்ராஜெக்ட்ல கூட பாத்துட்டேன். தஞ்சாவூர்ல இருந்துகிட்டு சாயங்காலம் ஒரு நாலு மணிக்கு உள்ள போயி நின்னு பாக்கறதுக்கு என்ன கஷ்டம்? நிழல் நல்லா நீட்டாவே விழுது. இன்னொண்ணு, 19ம் நூற்றாண்டுல இந்தக் கோயிலக் கட்டினது ராஜராஜன்னே பொதுவா யாருக்கும் தெரியாது. தலபுராணம் கரிகாலன்னு கதை சொல்லுச்சு, அதத்தான் நம்பினாங்க. 1880கள்ல ஹுல்ஷ்ங்கற ஜெர்மன் கல்வெட்டு அறிஞர் வந்து கல்வெட்டப் படிச்சப்பதான் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி"ன்னு ராஜராஜனே சொல்லியிருக்கறது வெளிய வந்துச்சு. எண்ணூறு வருஷத்துக்கு மேல அந்த அதிட்டானத்துலயே, அதாவது கோயிலோட அடித்தளத்துலயே எழுத்து இருக்கு, தெனம் அத சுத்தி வந்துருக்கோம், படிக்கல. இத நெனச்சா எனக்கு இப்பவும் தொண்ட அடைக்குது.

கும்பகோணம் காலேஜ்ல 1880ல வேலைக்குச் சேந்த உ.வே.சா, சீவக சிந்தாமணிய 1887ல அச்சுல கொண்டாந்தார். நடுவுல அந்த ஏழு வருஷம் என்ன பண்ணினார்? ஒரு ஏடு கெடச்சாச்சு, போதும்னு உக்காரல. மடத்து ஏடு, வீட்டுப் பரண்ல கெடந்த ஏடுன்னு தேடித் தேடி வாங்கி ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டார், எழுதினவன் கை தப்பினது எது, மூலம் எதுன்னு பிரிச்சார். கரண்டு இல்லாத காலம். நமக்கு போன்லயே தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் கெடைக்குது.

முதன்மை ஆதாரம்னாலே உண்மைன்னும் எடுத்துக்காதீங்க. கீழ்வெண்மணியில 1968 டிசம்பர் 25 ராத்திரி தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களச் சேந்த 44 பேர எரிச்சுக் கொன்னாங்க. கார் வச்சிருக்குற பெரிய மிராசுதாருங்க தாங்களே நடந்து போயி தீ வச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலன்னு உயர்நீதிமன்றத் தீர்ப்பு சொல்லுச்சு. தீர்ப்பு அசல் ஆவணம்தான், அத அப்படியே மேற்கோள் காட்டி நின்னுட்டா வெண்மணிக்காரங்க சொல்றது எங்க போகும்? ஆவணத்த எழுதினது யாரு, யாரு குரல் அதுல இல்லன்னும் சேத்துக் கேக்கணும். அங்க போயி வயசானவங்ககிட்ட பேசுறதும் ஆய்வுதான், ஆனா அதையும் தேதி போட்டு, இன்னார் சொன்னதுன்னு குறிச்சு, இன்னொருத்தர்கிட்டயும் கேட்டு ஒப்பிட்டுத்தான் எழுதணும்.

இப்ப புதுசா ஏஐ வந்துருக்கு. அதுகிட்ட ஆதாரம் கேட்டா தொகுதி எண், பக்க எண்ணோட அச்சு அசலா குடுக்கும், தொறந்து பாத்தா பல நேரம் அந்தப் பக்கத்துல அப்படி ஒரு கல்வெட்டே இருக்காது. தொறந்து பாக்காம ஆய்வேட்டுல போட்டுட்டா நாளைக்கு இன்னொரு புள்ள அத மேற்கோள் காட்டும், அப்புறம் அதுக்கு மேல ஒருத்தர்.

தம்பி அன்னிக்கு மூஞ்சி வாடித்தான் போனார். நேத்து காலைல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு, பால்குளத்தம்மன் கோயில் தூணு, எழுத்து பாதி சுண்ணாம்புல மறைஞ்சிருக்கு. கீழ, "மேடம், திருமாளிகைங்கறத நானே படிச்சேன். அடுத்த வரி புரியல, திங்கக்கிழம வரட்டுமா"ன்னு கேட்டிருந்தார். வாப்பான்னு போட்டேன்.