தாத்தா சொல்லாமல் விட்ட பத்து கோல்கள்

சென்ற சீசனில் கண்டீரவா மைதானத்தில் ஒரு மாலை. பெங்களூரு எஃப்சி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அருமையான பந்து ஒன்று அவன் காலைத் தேடி வந்தது; அடக்குவதற்குள் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் எழுந்து நின்று கத்தினார்: "மீக்கு போட்ட சட்டையை இவனுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்!" சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பையனிடம் பந்து போகும்போதெல்லாம் மீக்கு, லிங்டோ, ஜுவானன் என்று இந்த அணியின் பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவர் பெயராக அவன் தலையில் வந்து விழுந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்குப் பதினைந்து வயது. அவனும் கைதட்டினான். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை.

பழைய ஆட்டக்காரர்களை நினைத்து உருகுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வேன்? எங்கள் வீடே அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த வீடு. ராணுவத்தின் பின்னால் வந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அல்சூர் ஏரிக்கு அருகில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. சிப்பாய்கள் ஆடிய ஆட்டம் அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர் என்று சந்து சந்தாக நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. கௌதமபுரத்துக்குப் போனால் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 1937 இல் பம்பாய்க்குப் போய், அதுவரை எந்த இந்திய அணியும் தொடாத ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கி வந்தவர்கள் இந்த ஊர் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியினர். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

என் தாத்தாவுக்கு இரண்டு பெயர்கள் போதும்: சாரங்கபாணி ராமன், அகமது கான். இருவரும் பெங்களூர்க்காரர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக ராமன் போட்டதுதான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். அந்த அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்கால் என்றால் என்ன என்று தாத்தா எனக்குச் செய்தே காட்டுவார். பழைய வேட்டியைக் கிழித்து எடுத்து, உள்ளங்காலில் ஆரம்பித்து, குதிகாலைச் சுற்றி, கணுக்காலில் எட்டுப் போட்டு இறுக்கிக் கட்டுவார். விரல்கள் மட்டும் வெளியே தெரியும். "பந்தை விரல் பார்க்க வேண்டும் கண்ணு" என்பார். அன்றைய தோல் பந்துக்கு வாய்ப்பக்கத்தில் வார் கோத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் ஊறிக் கனத்துப்போன பந்தைத் தலையால் முட்டும்போது அந்த வார் நெற்றியைக் கிழித்துவிடும். தாத்தாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் அதை விரலால் தடவிக்கொண்டேதான் கதை கேட்பேன்.

அவர் நூறு தடவையாவது சொன்ன கதை, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக அகமது கான் போட்ட கோல். 'லெஃப்ட் இன்' என்பார் அகமது கானை. முன்களத்தில் இடது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடம் அது. அந்த இடத்துக்கு இன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. தாத்தா சொன்ன விதத்தில் அந்த ஆட்டத்தை இந்தியா வென்றதாகவே நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பத்து வயது மகன் ஒருநாள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அம்மா, நாம் 10-1 என்று தோற்றிருக்கிறோம். அந்த ஒன்றுதான் அகமது கான்."

தாத்தா 1998 இலேயே போய்விட்டார். அவரிடம் கேட்க வழியில்லை. ஏமாற்றப்பட்டதுபோல் ஒருநாள் முழுக்க மனம் கசந்து கிடந்தது. பிறகு யோசித்தேன். அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பத்து கோல் வாங்கிய இடத்தில் தன் ஊர்க்காரன் போட்ட ஒன்றை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பத்தையும் அவர் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆட வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் வரை போனது. அந்த அணியில் நம் ஊர்ப்பக்கத்துக் கெம்பையா இருந்தார். பத்தை மறைத்துவிட்டால் மெல்போர்ன் ஏதோ வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

பழையதை நினைக்கும் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். ஒன்றை வைத்துக்கொண்டு பத்தை விட்டுவிடுகிறோம். மீக்கு கோல் வாசலில் நின்று வெளியே அடித்த பந்துகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அன்று பின்வரிசையில் கத்தியவரும் பார்த்திருப்பார். அவை இப்போது அவர் நினைவில் இல்லை. தவறே செய்யாத ஒரு மீக்குவை மனதில் செய்து வைத்துக்கொண்டு, அவரோடு ஒரு சின்னப் பையனை ஓடச் சொல்கிறார்.

அடுத்து என் அப்பா. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் இந்த ஊர்க் கால்பந்து என்றாலே ஐடிஐ, எச்ஏஎல், எல்ஆர்டிஇ என்று தொழிற்சாலை, அலுவலக அணிகள்தாம். ஞாயிற்றுக்கிழமை கோல் போட்டவர் திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பார். அசோக் நகர் கால்பந்து மைதானத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவார். அந்த வரிசையில் ரிப்பன் கட்டிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருப்பேன். கண்டீரவாவில் ஆடுகளத்துக்கும் நமக்கும் நடுவே ஓட்டப்பந்தயப் பாதை கிடக்கிறது. அசோக் நகரில் அப்படி இல்லை. பின்கள ஆட்டக்காரரை கோல்கீப்பர் திட்டுவது தமிழிலேயே காதில் விழும்.

அப்பாவின் ஆள் கார்ல்டன் சேப்மேன். ஆஸ்டின் டவுன் பிள்ளை. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடி, 1993 இல் ஈராக்கின் அல் சவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். முதல் தேசிய லீகை வென்ற ஜேசிடி அணியில் இருந்தவர், இந்திய அணியின் கேப்டன். 2020 அக்டோபர் 12 அன்று, 49 வயதில் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது அப்பா காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து டம்ளரையும் டபராவையும் மேசையில் தள்ளித் தள்ளி வைத்தார். அவை எதிரணியின் பின்களம். அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலால் மெல்லச் சுண்டினார். அது எதிலும் படாமல் மேசையின் மறு ஓரம் வரை உருண்டு போய் நின்றது. "இப்படித்தான் கொடுப்பான்" என்றார். என்றோ தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பாஸ். கோலை அவர் காட்டவில்லை. அதைப் போட்டது யார் என்றும் அவருக்கு நினைவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். தாத்தாவும் அப்பாவும் நினைவில் வைத்திருந்தது ஆட்களை, கிளப்பை அல்ல. நன்றாக ஆடியவர்கள் வண்டி ஏறிவிடுவார்கள். அகமது கானும் தன்ராஜும் கொல்கத்தாவுக்குப் போய், ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' என்ற முன்கள ஐவரில் இருவரானார்கள். சேப்மேன் போனார், பிறகு இந்திய அணிக்குக் கேப்டனான சண்முகம் வெங்கடேஷும் வெளியூர் கிளப்புகளில்தான் பேர் வாங்கினார். இங்கேயே இருந்த தொழிற்சாலை அணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எச்ஏஎல் 2012 இல், நாட்டின் அன்றைய முதல்நிலை லீகான ஐ-லீகிலிருந்து கீழே இறங்கியது. மறு ஆண்டு பெங்களூரு எஃப்சி பிறந்தது. பிறந்த சீசனிலேயே ஐ-லீகை வென்றது. என் மகனுக்கு இந்த ஊர்க் கால்பந்தின் சரித்திரம் 2013 இல் தொடங்குகிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தையவர்களின் பெயர்களை எழுதி வைக்க ஒரு சுவர் இல்லை, ஒரு கொடி இல்லை. நின்றுபோன கிளப்பின் நினைவுகளை யார் வைத்துக்கொள்வார்கள்?

அவன் தலைமுறையின் நினைவுகளும் சாதாரணமானவை அல்ல. 2016 அக்டோபர் 19 இரவு கண்டீரவாவில் நான் இருந்தேன். ஆசிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பையின் அரையிறுதி, எதிரே நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோஹர் அணி. முதல் கோல் அவர்களுடையது. பிறகு எங்கள் சுனில் சேத்ரி இரண்டு, ஜுவானன் ஒன்று. சேத்ரியின் இரண்டாவது கோல் எங்கிருந்து புறப்பட்டது என்று இப்போதும் நம்ப முடியவில்லை. இந்தியாவிலிருந்து ஒரு கிளப் அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை. ஆறு வயது மகன் தோளில் இருந்தான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மைதானத்திலேயே சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்றது. ஆவடியிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ தமிழச்சிதானே, சந்தோஷப்படு" என்றார். நான் பிறந்து வளர்ந்தது அல்சூர் சித்தப்பா, என் அணி இதுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

என் மனத்தாங்கல் இதுதான். பழைய பெயரைச் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். அதைத் தடியாக்கி இன்று ஆடுகிறவனை அடிக்காதீர்கள். அடி வாங்குகிறவன் களத்தில் இருக்கும் பையன் மட்டுமல்ல. என் வீட்டிலேயே பார்த்தேன். சேத்ரியைப் பற்றி மகன் கண்கள் விரியப் பேசும்போதெல்லாம் அப்பா, "சேப்மேன் காலத்தில் இவனுக்கு இடமே கிடைத்திருக்காது" என்று சொல்வார். மகன் எழுந்து போய்விடுவான். சேப்மேன் என்ற பெயரே அவனுக்குத் தன் நாயகனைச் சிறுமைப்படுத்தும் பெயராகிவிட்டது. பிறகு எங்கே கேட்பான் அந்தப் புளியங்கொட்டைக் கதையை? ராமன் யார், அகமது கான் யார் என்பதெல்லாம் இப்படித்தான் நம் பிள்ளைகளின் காதுக்கு வராமல் போனது.

ஒரே ஒருநாள் அது மாறியது. 2023 மார்ச் 4, ரியாத்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். மேகாலயாவை 3-2 என்று கர்நாடகா வென்றது. மைசூர் மாநிலம் என்ற பெயரில் கடைசியாக வென்று 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா அன்று யாரையும் யாரோடும் ஒப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யார் யார் ஆடினார்கள், படி" என்றார். மகன் கைபேசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தான். முடித்துவிட்டு அவனே கேட்டான்: "போன தடவை ஜெயித்தபோது யாரெல்லாம் ஆடினார்கள் தாத்தா?" அன்று இருவரும் சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை.

கண்டீரவாவின் மேற்கு வரிசையில் கொடி பிடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேத்ரியின் முகத்தை எவ்வளவு அழகாக வரைந்து பிடிக்கிறீர்கள்! பக்கத்தில் ஒரு துணியில் ராமன், அகமது கான், சேப்மேன் என்று எழுதுங்கள். அவர்கள் இந்தக் கிளப்புக்கு ஆடவில்லைதான். இந்த ஊரில் கால்பந்து இருக்கிறதே, அதை ஆடினார்கள்.

இத்துடன் ஒரு படம் போட்டிருக்கிறேன். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது. பதினோரு பேர், ஒருவர் காலிலும் பூட்ஸ் இல்லை. முன்வரிசையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் தாத்தா. பின்னால் பென்சிலில் பெயர்கள் எழுதியிருக்கின்றன. நான்கைத்தான் படிக்க முடிகிறது, மற்றவை அழிந்துவிட்டன. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, கணுக்காலில் மட்டும் துணி சுற்றி, சிரிக்காமல் நிற்பவர் யார் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அவர்களிடம் காட்டுங்கள்.