ஸ்டீவன்ஸுக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்

டேரன் ஸ்டீவன்ஸ் பேச்சை எடுத்தால் போதும், "பாவம், கடைசிவரை இங்கிலாந்துக்கு ஆடவே இல்லையே" என்று யாராவது உச்சுக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. இங்கிலாந்தின் கவுண்டி (உள்ளூர் மாவட்ட) அணிகளுக்காக 25 ஆண்டுகள் முதல்தர கிரிக்கெட், அதாவது பல நாள் நீளும் ஆட்டம், ஆடி, 16,000 ஓட்டங்களைத் தாண்டி, ஏறக்குறைய 600 விக்கெட்டுகளும் எடுத்த மனிதர் பாவமா?

1997இல் சொந்த ஊர் அணியான லெஸ்டர்ஷயரில் நுழைந்தபோது அவர் மட்டையாளர். 2005இல் கென்ட் என்ற இன்னொரு கவுண்டி அணிக்கு வந்தார். கென்ட்டின் சொந்த மைதானமான கேன்டர்பரியில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நின்ற புகழ்பெற்ற லைம் மரம் (எலுமிச்சை அல்ல, வேறு சாதி) அந்த ஜனவரியில்தான் காற்றில் முறிந்து விழுந்திருந்தது. ஒன்று சாய்ந்த இடத்தில் இன்னொன்று வேர்விட்டது என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

அவ்வப்போது ஒப்புக்குப் போட்ட மிதவேகப் பந்து, முப்பத்தைந்துக்குப் பிறகுதான் அவருக்கு முழுநேரத் தொழிலானது. வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்து ஈர ஆடுகளத்தில், டியூக்ஸ் எனும் இங்கிலாந்துப் பந்தின் தையலை நிமிர்த்திப் பிடித்து ஒரே இடத்தில் விழவைத்துக்கொண்டே இருப்பார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளருக்குப் பிடிபடாது.

ஈர ஆடுகளத்தில் மிதவேகமே போதும் என்றாக்கிவிட்ட இவரைப் போன்றவர்களால்தான் இங்கிலாந்தில் வேகப்பந்து வீச்சாளர்கள் வளரவில்லை என்றொரு புகார் உண்டு. கவுண்டி அணிகள் மோதும் சாம்பியன்ஷிப் தொடரின் நான்கு நாள் ஆட்டங்களில் பெரும்பகுதியைக் குளிர் விடாத வசந்தத்திலும் செப்டம்பரிலும் தள்ளிவிட்டு, நடுக்கோடையை இருபது ஓவர் வியாபாரத்துக்குக் கொடுத்தது கிரிக்கெட் வாரியம். அட்டவணை போட்டது ஸ்டீவன்ஸா?

2019இல் கென்ட் அவரை அனுப்பிவிட முடிவுசெய்திருந்தது. செப்டம்பரில் ஹெடிங்லியில் யார்க்‌ஷயருக்கு எதிராக 39க்கு 5 விக்கெட் போன நிலையில் சாம் பில்லிங்ஸோடு சேர்ந்து 346 ஓட்டங்கள். இவர் மட்டும் 237. பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 20 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். வெற்றி 433 ஓட்டங்களில். அப்போது அவருக்கு வயது 43. ஒப்பந்தம் நீண்டது, நீளாமல் என்ன செய்யும்?

எனக்கு அதைவிடப் பிடித்தது 2021 மே மாதத்து ஆட்டம். கிளமோர்கனுக்கு எதிராகக் கென்ட் 128க்கு 8. எதிர்முனையில் மிகுவெல் கம்மின்ஸ். ஒன்பதாவது விக்கெட்டுக்கு 166 ஓட்டங்கள் சேர்ந்தன. அதில் ஸ்டீவன்ஸ் அடித்தது 160, கம்மின்ஸ் அடித்தது 1, மீதி உதிரி ஓட்டங்கள். பதினைந்து சிக்ஸர்களோடு 190. அந்த ஒற்றை ஓட்டத்துக்காகக் கம்மின்ஸ் விக்கெட்டைக் காத்து நின்ற பொறுமைக்கும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். பிறகு ஸ்டீவன்ஸ் பந்தை எடுத்து, கிளமோர்கனுக்கு ஆடிய ஆஸ்திரேலிய மட்டையாளர் லபுஷேனை எல்பிடபிள்யூ ஆக்கினார். அதே ஆண்டு விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலரின் ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவர். 1933க்குப் பிறகு அவ்வளவு வயதான ஒருவரை அவர்கள் தேர்ந்தெடுத்ததில்லை.

2022இல் மறுபடியும் விடை கொடுக்கத் தயாரானார்கள். ஒருநாள் கோப்பை அரையிறுதியில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக 84 எடுத்து, ஆட்டமிழக்காமல் அணியைக் கரைசேர்த்தார். இறுதிப் போட்டியில் லங்காஷயரை வென்று கோப்பையும் வந்தது. 46 வயதில், அந்தப் பருவத்தோடு கென்ட்டிலிருந்து கிளம்பினார்.